மேரிக்குப் போடாத ஊசி

திருப்பதி
21-1-1987

அன்புள்ள அக்காவுக்கு,

ஞானமணி எழுதுவது. ஆண்டவர் தயவால் நாங்கள் மூவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாமாவும் சுகிர்தமும் மேரியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று கேட்க ஆசை. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அச்சு முறுக்கில் பாதி தூளாகத்தான் வந்து சேர்ந்தது. தூளையும் நாங்கள் விடவில்லை.

போன வாரம் பியூலாவை வேலூருக்கு அழைத்துப் போய் வந்தோம். ரத்தத்தில் புற்றுநோய் அணு ஒன்றும் தென்படவில்லை என்றார்கள். நோய் அடங்கி ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் ஒன்றரை வருஷம் மாத்திரை மட்டும் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். முடி ரிப்பன் கட்டுமளவுக்கு வளர்ந்துவிட்டது. போன வருஷம் மொட்டைத் தலையோடு இருந்தபோது இந்த ஊரில் ஒருவரும் காரணம் கேட்கவில்லை. மலைக்குப் போய்வந்த பிள்ளை என்று நினைத்து அலிபிரி பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். இப்போது முடி வந்தபிறகுதான், பிள்ளை ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று கேட்கிறார்கள்.

ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். டாக்டர் பியூலாவுக்கு மணல்வாரி அம்மைக்கு ஊசி போட்டதுண்டா என்று கேட்டார். ஒரு வயதிலேயே என் அக்கா போட்டாள், அவள் சித்தூரில் மிஷன் நர்ஸ் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு குழாயில் தனியாக ரத்தம் எடுத்தார். இந்த நோய்க்குக் கொடுக்கிற மருந்து கெட்ட அணுக்களோடு சேர்த்து, முன்னே போட்ட ஊசியின் பலத்தையும் அழித்துவிடலாமாம். சில பிள்ளைகளுக்கு மிச்சம் இருக்கிறது, சில பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை என்றார். பரிசோதனை முடிவு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகுமாம். அதுவரை ஊசி போடாத பிள்ளை என்றே நினைத்துக்கொள்ளச் சொன்னார். மணல்வாரி கண்ட பிள்ளையோடு பியூலா இருந்துவிட்டால் ஆறு நாளுக்குள் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு வரவேண்டும், அதற்கென்று ஒரு ஊசி வைத்திருக்கிறார்கள், ஆறு நாள் தாண்டினால் பலன் சொல்ல முடியாது என்றார்.

நம் ஆஸ்பத்திரியில் இப்படிக் கேள்விப்பட்டிருக்கிறாயா? எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. வேப்பிலை கட்டியிருக்கிற வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று பியூலாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தெருவில் நடந்தால் அவள்தான் எனக்கு முன்னால் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு போகிறாள்.

உன் அன்புத் தங்கை,
ஞானமணி


சித்தூர்
27-1-1987

அடி ஞானம்,

உன் கடிதம் கிடைத்தது. கர்த்தர் உனக்குப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், நீ உட்கார்ந்து அடுத்த பயத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். நைனா கடைக்குப் போனால் திரும்பி வருவாரா என்று அழுவாய்.

உன் டாக்டருக்கு மீசை முளைத்து எத்தனை வருஷம் ஆகிறது? நான் இருபத்திரண்டு வருஷமாக ஊசி போடுகிறவள். மணல்வாரி ஊசி ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும். உடம்பு ஒன்றைக் கற்றுக்கொண்டால் மறக்காது. மாத்திரை தின்றால் மறந்துபோகுமென்றால் நாம் எல்லோரும் மலேரியா மாத்திரை தின்று வாய்ப்பாட்டை மறந்திருக்க வேண்டும்.

அந்த ஊசியை நான் எப்படிப் போட்டேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எண்பத்திரண்டில் சீமையிலிருந்து வந்த பெட்டியில் நாற்பதே நாற்பது இருந்தன. மிஷன் காம்பவுண்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டு முடித்து ஐஸ் பெட்டியில் ஒன்று மிச்சம். நீ பியூலாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். மேரி என் இடுப்பில் இருந்தாள். அவளை இறக்காமலே உன் பிள்ளையின் கையில் போட்டேன். அடுத்த பெட்டியில் மேரிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உன் மாமாவிடம் சொன்னேன். அடுத்த பெட்டி வரவே இல்லை. மேரிக்கு இன்றுவரை அந்த ஊசி இல்லை. பெற்ற பிள்ளைக்குக் கொடுக்காமல் கொடுத்தது வீண்போகாது, எழுதி வைத்துக்கொள்.

சந்தோஷச் செய்தி. சுகிர்தத்துக்கு மார்ச் பதினைந்தாம் தேதி ஞாயிறு கோயிலில் திடப்படுத்தல் ஆராதனை, முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள். பேராயரே வருகிறார். நீ வெள்ளிக்கிழமையே மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்று எதற்கும் வரவில்லை. இந்தமுறை சாக்குச் சொன்னால் நான் பேசமாட்டேன். ஜீவரத்தினத்துக்கு ரயில்வேயில் லீவு கிடைக்காவிட்டால் அவருக்குச் சமைத்து வைத்துவிட்டு நீயும் பியூலாவும் வாருங்கள்.

உன் அக்கா,
ஜெபமணி


திருப்பதி
20-2-1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். திட்டு வாங்கினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது போலிருக்கிறது. மேரிக்கு வைத்திருந்த ஊசியை நீ என் பிள்ளைக்குப் போட்டது எனக்கு மறக்குமா? பியூலாவுக்கும் சொல்லியிருக்கிறேன்.

இங்கே மணல்வாரி ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரம்மா வெங்கடம்மாவின் பேரனுக்கு வந்துவிட்டது. விடிந்ததும் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு, மாடிப்படியின் கீழே நின்றபடியே குரல் கொடுத்தார்கள். "மா இன்ட்லோ அம்மவாரு வந்துகீறா. பாப்பாவ கீழ உட்டுடாதம்மா. தண்ணிய நானே மேல அனுப்பறேன்." பத்து நாள் குடத்தை ஆள்வைத்துப் படியில் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் நாளே பையனைப் புத்தூரில் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல வேளையாக பியூலா அதற்கு முந்திய ஒரு வாரமும் கீழே இறங்கவில்லை. டாக்டருக்கு எழுதிக் கேட்டேன், பயமில்லை என்று கார்டு போட்டார். இலையைக் கட்டி எச்சரிக்கிறவர்கள் மத்தியில் இருப்பது ஒருவகையில் நல்லதென்று தோன்றுகிறது. போதகரிடம் சொல்லிவிடாதே.

சித்தூருக்கு வர எனக்கும் கொள்ளை ஆசை. இவர் வேண்டாமென்கிறார். பரிசோதனை முடிவு வரட்டும், பிறகு எங்கு வேண்டுமானாலும் போ என்கிறார். பியூலா மேரியோடு ஒரே பாயில் படுக்கப்போகிறேன் என்று இப்போதே பாவாடையை எடுத்து வைத்துவிட்டாள். ஆறு வயதில் அந்தப் பிள்ளைக்கு ஊசியையும் மாத்திரையையும் தவிர என்ன தெரியும்?

ஒன்று மட்டும் எழுது அக்கா. அங்கே காம்பவுண்டில் யாருக்காவது மணல்வாரி இருக்கிறதா? நீ இல்லை என்று எழுதினால் இவரிடம் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவேன். உன் பேச்சை இவர் தட்டமாட்டார்.

உன் அன்புத் தங்கை,
ஞானமணி


சித்தூர்
26-2-1987

அன்பு ஞானம்,

ஜீவரத்தினத்திடம் இந்தக் கடிதத்தைக் கொடு. எங்கள் காம்பவுண்டில் முப்பத்தாறு வீடு. ஒரு வாசலிலாவது வேப்பிலை தொங்கினால் நான் என் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை விட்டு நின்றுவிடுகிறேன். போதுமா?

சுகிர்தத்துக்கு வெள்ளைப் பட்டு எடுத்தாயிற்று. மேரி தனக்கும் வேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை, அவளுக்கும் எடுத்தாயிற்று. பியூலாவுக்கு அதே துணியில் கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அளவு தெரியாமல் மேரியின் அளவில் ஒரு பிடி குறைத்துச் சொன்னேன். வெள்ளி மாலை பஸ் ஸ்டாண்டில் உன் மாமா நிற்பார்.

உன் அக்கா,
ஜெபமணி


சித்தூர்
18-3-1987

அன்பு ஞானம்,

திங்கட்கிழமை நீங்கள் பஸ் ஏறியதிலிருந்து வீடு வெறிச்சென்றிருக்கிறது. பியூலா கோயிலில் பாடியதை எல்லோரும் கேட்கிறார்கள். நோய் வந்த பிள்ளையா இது என்று போதகரம்மா ஆச்சரியப்பட்டார்கள். கவுன் இடுப்பில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. பிடித்துத் தைத்துக்கொள்.

சுகமாய்ப் போய்ச் சேர்ந்தீர்களா? ஒரு வரி எழுது. பியூலா நன்றாகச் சாப்பிடுகிறாளா? காய்ச்சல் எதுவும் இல்லையே? மாத்திரையைத் தவறாமல் கொடு. பால் கொடு. மேரிக்கு அந்த ஜலதோஷம் இன்னும் முழுதாக விடவில்லை, பள்ளிக்கு அனுப்பவில்லை. மற்றபடி இங்கே எல்லோரும் சுகம்.

ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். என் மனதும் கொஞ்சம் சரியில்லை. உனக்காக அதிகமாக ஜெபிக்கிறேன்.

உன் அக்கா,
ஜெபமணி

கடிதத்தை மடித்தபிறகு எழுதுகிறேன். பியூலாவுக்குத் தும்மல், கண் சிவப்பு ஏதாவது உண்டா? சும்மாதான் கேட்கிறேன். அவளுக்கு ஒன்றும் வராது. ஊசி போட்டது நான்.


திருப்பதி
20-3-1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. உடனே உட்கார்ந்துவிட்டேன். பியூலா நன்றாக இருக்கிறாள். மேரி மேரி என்றே பேச்சு. இரண்டும் மூன்று ராத்திரி ஒரே போர்வைக்குள் கிடந்து சிரித்த சிரிப்பை இவரிடம் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறாள். இவருக்கும் மனம் இளகிவிட்டது. கோடை லீவில் மேரியை இங்கே அனுப்பச் சொல் என்கிறார்.

அக்கா, கண் சிவப்பை ஏன் கேட்டாய்? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மேரியின் கண் சிவந்திருந்தது. சாம்பிராணி இல்லாத கோயிலில் கண் ஏன் சிவக்கிறது என்று நான் கேட்டதற்கு, ராத்திரி தூங்காமல் விளையாடினதுதான் என்று நீ சொன்னாய். மேரிக்கு இப்போது எப்படி இருக்கிறது? ஏதாவது இருந்தால் தந்தி அடி. நான் பயந்தாங்கொள்ளி என்று சிரித்துக்கொண்டாவது அடி. இன்று வெள்ளி. திங்கட்கிழமை பஸ் ஏறினதிலிருந்து எண்ணினால் ஞாயிறு வரை நாள் இருக்கிறது. ஒன்றுமில்லையென்றால் தந்தி வேண்டாம்.

தந்தி வராமல் இருக்க வேண்டுமென்று ஜெபித்துக்கொண்டே இதை முடிக்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
ஞானமணி


சித்தூர்
23-3-1987

அன்பு ஞானம்,

மேரி எழுந்து விளையாட ஆரம்பித்துவிட்டாள். இங்கே வெயில் ஏறிவிட்டது, உடம்பெல்லாம் வேர்க்குரு. வேறு ஒன்றும் விசேஷமில்லை. கோடைக்கு அவளை அனுப்புவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

பியூலாவை வெயிலில் விடாதே.

ஜெபமணி


வேலூர்
31-3-1987

அக்கா,

வார்டிலிருந்து எழுதுகிறேன். வியாழக்கிழமை பியூலாவுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை இருமல். சனிக்கிழமை இங்கே கொண்டுவந்துவிட்டோம். மூச்சு நாய்க்குட்டிக்கு இரைப்பதுபோல் இரைக்கிறது. உடம்பில் ஒரு பொட்டுக்கூட இல்லை. பொட்டு இல்லையே, மணல்வாரி இல்லைதானே என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னை வெளியே அழைத்துப் போய் உட்காரவைத்தார். எதிர்த்து நிற்கச் சக்தியுள்ள உடம்பில்தான் பொட்டு வரும், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வெளியே ஒன்றும் காட்டாமல் நேராக நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்றார்.

ரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. காகிதத்தை அவரே எனக்குக் காட்டினார். நீ போட்ட ஊசியின் பலம் துளிகூட இல்லை. ஊசியில் குற்றமில்லை, உங்கள் அக்கா மேலும் குற்றமில்லை, இந்த மருந்து அதைத் துடைத்துவிட்டது என்றார். உன் மேல் குற்றமில்லை என்று டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

காய்ச்சலுக்கு முந்திய இரண்டு வாரத்தில் யாரோடு இருந்தாள், அவர்களில் யாருக்குப் பொட்டு வந்தது என்று கேட்கிறார்கள். இந்த வார்டில் இவளைப்போல புற்றுநோய் மருந்து சாப்பிடுகிற பிள்ளைகள் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள், அவர்களைக் காக்க வேண்டுமாம்.

பங்குனியில் வேர்க்குரு என்று எழுதினாய். நம் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். நாம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் படுத்திருந்தபோது, வாசலில் இலை கட்டச் சொன்ன பக்கத்து வீட்டம்மாளிடம், "எங்க புள்ளைங்களுக்கு வேர்க்குருதான், நாங்க அதெல்லாம் கட்டறதில்ல" என்று சொன்னாள். நான் அந்த வீட்டில்தான் பிறந்தேன். காம்பவுண்டில் எத்தனை பேர் படுத்தாலும் ஒரு வாசலிலும் இலை இருக்காது என்று எனக்குத் தெரியும். பத்து வருஷம் திருப்பதித் தெருவில் இருந்து இலையைப் பார்த்தே பழகிப்போய், இலை இல்லை என்று நீ எழுதினதை அம்மை இல்லை என்று படித்துக்கொண்டேன். இவரிடமும் அப்படியே படித்துக் காட்டினேன்.

எழுது அக்கா. மேரிக்கு என்றைக்குப் பொட்டு வந்தது?

ஞானமணி


சித்தூர்
3-4-1987

ஞானம்,

பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை. நீங்கள் போன மறுநாள் காலை. தலை வாரும்போது காதுக்குப் பின்னால் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

அதற்கு முன்பே காம்பவுண்டில் நாலு வீட்டில் இருந்தது. பிப்ரவரியிலிருந்தே. நீ கேட்டபோது தெரியும். பொய் எழுதவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள அந்த இலைக் கதையை எழுதினேன். நீ வரவேண்டும் என்ற ஆசை. மேரிக்குக் கொடுக்காத ஊசி உன் பிள்ளையைக் காக்கிறது என்ற இறுமாப்பு. அதுதான் நான் இந்த உலகத்தில் செய்த ஒரே பெரிய காரியம் என்று அஞ்சு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன் ஞானம். அது அழிந்துபோயிருக்கும் என்று ஒரு டாக்டர் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை தந்தி ஆபீஸ் வரைக்கும் போனேன். தந்திப் பாரம் ஒன்று வாங்கி உன் விலாசம் எழுதினேன். என்ன எழுதுவது? மேரிக்கு அம்மை, பியூலாவைக் கொண்டுபோ என்று எழுதினால் என் ஊசியை நானே நம்பவில்லை என்று ஆகும். பாரத்தைக் கிழித்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு அடிக்கலாம் என்று இருந்தேன். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது, அன்றும் நாள் இருந்தது. நாளைக்குத் தபால் ஆபீஸ் இல்லையென்று தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை வந்ததும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, இனி அடித்துப் பயனில்லை என்று. அதையும் உன்னிடம் மறைக்கக்கூடாது.

நேற்று பஸ் ஏறி வேலூர் வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மணிநேரம் நின்றேன். உள்ளே வராமலே திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

மேரி நன்றாகிவிட்டாள். ஒரே வாரத்தில். அதைச் சொல்லவும் எனக்கு வெட்கமாயிருக்கிறது. பியூலாவுக்கு அனுப்பச் சொல்லி ஒரு படம் வரைந்து கொடுத்தாள். இந்தக் கடிதத்தோடு அதை வைக்கவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஜெபமணி


திருப்பதி
16-4-1987

அக்காவுக்கு,

அடக்கத்தன்று நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதபோது நான் உன் கையை விலக்கவில்லை. இவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான்.

உன் கடிதம் ஆறாம் தேதி வார்டுக்கு வந்தது. அப்போது பியூலாவுக்குப் பிராணவாயு வைத்திருந்தார்கள், என் விரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் படித்தேன். எட்டாம் தேதி விடியற்காலை போய்விட்டாள். புற்றுநோய் திரும்பி வரவில்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். நோயை ஜெயித்த பிள்ளை என்றார். அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

யாரிடமிருந்து ஒட்டியது என்று மறுபடியும் கேட்டார். பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பிள்ளை இருமிக்கொண்டிருந்தது என்று சொன்னேன். இவரிடமும் அதையே சொன்னேன். இவர் நம்பிவிட்டார். சித்தூருக்குப் போகவேண்டாமென்று சொன்னேனே என்று ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை. உன் கடிதத்தை ஆஸ்பத்திரிச் சமையல்கட்டு அடுப்பில் போட்டுவிட்டேன்.

இதை உனக்காகச் செய்ததாக நினைக்காதே. நீ தந்தி ஆபீஸில் கிழித்த பாரத்தை நான் தினமும் பொறுக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. ஐந்து நாள் உன் கையில் இருந்தது. தெரியாமல் செய்தவளை மன்னிக்கலாம். ஆறு நாள் என்று நானே எழுதி உனக்குத் தெரியவைத்தேன்.

மேரிக்கு மட்டும் தெரியக்கூடாது. அதற்காகத்தான் பொய் சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளை, ஒரே போர்வைக்குள் படுத்துச் சிரித்ததைத் தவிர ஒரு பாவமும் அறியாதவள். தன்னிடமிருந்துதான் போயிற்று என்று என்றைக்காவது யாராவது அவளிடம் சொன்னால், எனக்கு இரண்டு பிள்ளையும் போனதாக ஆகும். மாமாவிடமும் சொல்லாதே. மனது கேட்கவில்லை என்று போதகரிடம் போய் அறிக்கை செய்து உன் பாரத்தை இறக்கிவைக்காதே. காம்பவுண்டில் ஒரு வாய் அறிந்தால் முப்பத்தாறு வாய் அறியும். நீயே சுமக்க வேண்டும். சாகும்வரை.

இனி எழுத வேண்டாம். தபாலை இப்போது இவர்தான் வாங்குகிறார்.

கோடை லீவுக்கு மேரியை அனுப்பு. மாமா கொண்டுவந்து விடட்டும். நீ வராதே.

ஞானமணி